அமெரிக்கக் காரா, அயல்நாட்டுக் காரா?

டெட்ராய்ட் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மோட்டார்த் தொழிலாளர் சங்கக் கட்டிடங்களின் வாசலில் 1980-க்குப் பிறகு பல வருஷ காலம் ஒரு பலகை தொங்கிற்று. அயல்நாட்டுக் கார்களை இங்கே நிறுத்தக் கூடாது, வேறு இடம் பார்த்துக்கொள்ளவும் என்பது அதில் கண்ட விஷயம். சில ஊர்களில் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். ஜப்பான் கார் ஒன்றைத் திடலில் கொண்டுவந்து நிறுத்தி, ஆளுக்கு ஓர் அடி வீதம் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். பத்திரிகைகளில் படமும் வந்தது. அடித்தவர்களில் பலர் வேலை போனவர்கள். அவர்களுடைய கோபத்தில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கார்தானா என்பதே கேள்வி.

அதே தெருவில் ஜப்பான் கார் வாங்கினவர் ஒருவர் குடியிருப்பார். அவரும் அமெரிக்கர்தான், யுத்தத்தில் சண்டை போட்டவராகக்கூட இருப்பார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்துக்கு எந்த வண்டி அதிக நாள் உழைக்கும், எது அடிக்கடி ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்காது என்று விசாரித்து வாங்கினவர். அவரைத் தேசத் துரோகி என்று சொல்வது நியாயமா? நியாயமில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. கார் கம்பெனிகளின் அறுபது எழுபது வருஷத்து நடத்தையைப் பார்த்தால் அது விளங்கும்.

யானையும் தீனியும்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்கக் கார்களுக்கு ஈடு சொல்ல உலகத்தில் எதுவும் இல்லை. 1950-ல் உலகம் முழுவதும் தயாரான மோட்டார் வண்டிகளில் முக்கால் பங்கு அந்த ஒரே நாட்டில் தயாராயிற்று. அந்தக் கார்களை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் கியர் மாற்றும் தொல்லை இல்லாமல் தானாகவே கியர் மாறும் ஏற்பாட்டை 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் காரில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். காருக்குள் குளிர்சாதனம் வைத்து விற்றதும் அதே சமயத்தில்தான். அது பாக்கார்டு கம்பெனி. ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பும் சௌகரியம் 1951-ல் கிரைஸ்லர் காரில் வந்தது. அகலமான ஆசனம், எட்டு சிலிண்டர் என்ஜின், நாளெல்லாம் ஓட்டினாலும் அலுக்காத ஓட்டம், எந்தக் குக்கிராமத்து மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடிய அமைப்பு, எங்கும் மலிவாகக் கிடைக்கும் உதிரிப் பாகங்கள். ஆயிரம் மைல் நீளத்துக்கு நேர்கோடாக ஓடும் சாலைகள் உள்ள நாட்டுக்கு அவை பொருத்தமான வண்டிகள்தாம்.

கெடுதல் வேறு இடத்தில் ஆரம்பித்தது. போன வருஷத்துக் கார் இந்த வருஷம் பழசாகத் தோன்ற வேண்டும், அப்போதுதான் மறுபடியும் வாங்குவார்கள் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கண்டுபிடித்த வியாபாரத் தந்திரம். ஆகவே வருஷா வருஷம் தகடு மாறிற்று; விளக்கு மாறிற்று; முலாம் பூச்சு ஏறிற்று. பின்புறத்தில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை முளைத்து, 1959-ம் வருஷத்துக் காடிலாக் காரில் அது உச்சத்தைத் தொட்டது. உள்ளே இருந்த என்ஜினும் பிரேக்கும் அந்த வேகத்தில் மாறவில்லை. காலன் பெட்ரோலுக்குப் பன்னிரண்டு மைலோ பதினான்கு மைலோதான் ஓடும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஆனால் காலன் பெட்ரோல் முப்பது சென்டுக்கு விற்றபோது தீனியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த நாளைக் கார்களில் ஓடிய தூரம் காட்டும் மீட்டரில் ஐந்து இலக்கங்களே இருந்தன. லட்சம் மைலைத் தொட்டால் மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். லட்சம் மைலுக்கு மேல் ஒரு கார் ஓடும் என்று அதைச் செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை என்று இதற்கு அர்த்தம். வாங்கினவரும் எதிர்பார்க்கவில்லை. வேறொருவர் வந்து எதிர்பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வரையில்.

எலுமிச்சம்பழக் கார்

1949-ல் ஜெர்மனியிலிருந்து வோக்ஸ்வாகன் கார் இரண்டே இரண்டு அமெரிக்காவில் விற்றன. வண்டு போன்ற உருவம். என்ஜின் பின்பக்கம், அதைக் குளிர வைக்கத் தண்ணீர் இல்லை, காற்றுதான். ஆகவே கோடையில் ரேடியேட்டர் கொதிக்காது, பனிக்காலத்தில் உறையாது, இருந்தால்தானே! 1959 வாக்கில் அதன் விலை 1,600 டாலருக்குள். சாதாரண ஷெவர்லே காருக்கு அதைவிட எழுநூறு, எண்ணூறு டாலர் அதிகம் கொடுக்க வேண்டும்.

விலை மலிவு என்பது மட்டும் காரணமாக இருந்திருந்தால் அந்த வண்டு இரண்டு வருஷத்தில் மறைந்திருக்கும். மலிவில் பிரெஞ்சுக்காரர்களின் ரெனோ டொஃபீன் காரும் குறைந்ததல்ல. 1959-ல் அது பிரமாதமாக விற்றது. பிறகு என்ன ஆயிற்று? பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பில் தகடு அரித்தது. பாகம் கேட்டால் கப்பலில் வர வேண்டும் என்றார்கள். ரிப்பேர் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. விற்காத கார்கள் துறைமுகத்தில் தேங்கின. ஜெர்மன் கம்பெனியோ, உதிரிப் பாகமும் பழகிய மெக்கானிக்கும் உள்ள இடத்தில்தான் கடை திறப்பது என்று பிடிவாதமாக இருந்தது. வருஷத்துக்கு வருஷம் உருவத்தை மாற்றவும் இல்லை. மாற்றியதெல்லாம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடங்களில்.

1960-ல் அந்தக் கம்பெனி ஒரு விளம்பரம் வெளியிட்டது. காரின் படத்துக்குக் கீழே 'எலுமிச்சம்பழம்' என்று ஒரே வார்த்தை. நம் ஊரில் புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நன்மைக்கு. அமெரிக்காவிலோ புதுக் காரைப் பார்த்து எலுமிச்சம்பழம் என்றால் அது வசை. பிறவியிலேயே கோளாறான கார் என்று பொருள். தன் சரக்கைத் தானே ஒரு கம்பெனி இப்படி ஏசுமா என்று திகைத்து ஜனங்கள் படித்தார்கள். கண்ணுக்கே தெரியாத முலாம் பட்டை ஒன்றில் சிறு கறை இருந்ததால், பரிசோதகர் இந்தக் காரைத் தள்ளிவிட்டார் என்று அதில் கண்டிருந்தது. விளம்பரக்காரரின் சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் வாங்கினவருடைய அனுபவமும் அதற்கு ஒத்திருந்தபடியால் அது எடுபட்டது.

1959-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அயல்நாட்டுச் சரக்கு. டெட்ராய்ட் கம்பெனிகள் விழித்துக்கொண்டு 1960-ம் வருஷத்துக்குச் சின்னக் கார்களைக் கொண்டுவந்தன. ஃபோர்டு ஃபால்கன், கிரைஸ்லர் வேலியன்ட், ஷெவர்லே கோர்வேர். இறக்குமதி இரண்டு மூன்று வருஷத்தில் பாதியாகக் குறைந்தது. மனம் வைத்தால் அவர்களால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் போட்டி தணிந்ததும் அந்தச் சின்னக் கார்களும் வருஷத்துக்கு ஓர் அங்குலமாக வளர்ந்து பெரிய கார்களாயின. பெரிய காரில் லாபம் பெரிது.

தோற்றுத் திரும்பியவர்கள்

ஜப்பானியர் வந்த முதல் தடவை நகைப்புக்கே இடமாயிற்று. 1957-ல் டொயோட்டா கம்பெனி டொயோபெட் என்ற காரைக் கலிபோர்னியாவில் இறக்கிற்று. ஜப்பான் நாட்டுச் சந்துகளுக்காகச் செய்த வண்டி அது. அமெரிக்க நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளின் வேகத்துக்கு அதை மிதித்தால் என்ஜின் அலறிற்று, சூடேறிற்று. சில வருஷத்தில் விற்பனையை நிறுத்திவிட்டு மூட்டையைக் கட்டினார்கள். மூட்டை கட்டினவர்கள் அமெரிக்கச் சாலையைக் குறை சொல்லவில்லை. என்ன குறை என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். 1965-ல் கொரோனா என்ற காரோடும், 1968-ல் கொரோலா என்ற காரோடும் திரும்பி வந்தபோது அந்தக் குறைகள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. சரக்கின் தரத்தைக் கணக்கு முறையில் கவனித்து, கோளாறை முளையிலேயே கிள்ளும் வித்தையை ஜப்பானியருக்கு 1950-ல் போய்ச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர். 1951 முதல் அவர் பெயரால் ஜப்பானில் பரிசே கொடுக்கிறார்கள். சொந்த நாட்டில் அவரை யாரும் ஏனென்று கேட்கவில்லை. 1980-ல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் அவரைக் காட்டிய பிறகுதான் ஃபோர்டு கம்பெனி அவரைத் தேடிப் போயிற்று. அப்போது அவருக்கு எண்பது வயது.

இடையில் நடந்தது என்ன? 1970-ல் ஷெவர்லே வேகா என்ற சின்னக் கார் வெளிவந்தது. அதன் அலுமினிய என்ஜின் சூடேறினால் கோணிக்கொண்டது; எண்ணெய் குடித்தது. முன்பக்கத் தகடு சீக்கிரமே துருப் பிடித்தது. அது தயாரான ஒஹையோ மாகாணத்து லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையில் மணிக்கு நூறு கார் வீதம் வெளியே தள்ளினார்கள். ஒரு தொழிலாளிக்கு ஒரு காரின் முன் கிடைக்கும் அவகாசம் முப்பத்தாறு விநாடி. முடியாத திருகை அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று விட வேண்டியதுதான். 1972-ல் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது வெறும் கூலிக்காக அல்ல. இந்த வேகத்தைத் தாங்க முடியாமல். அதே சமயத்தில் வந்த ஃபோர்டு பின்டோ காரில் பெட்ரோல் டாங்க் பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னால் வேறு வண்டி மோதினால் தீப்பிடிக்கும் அபாயம். 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சீர் செய்யும்படி ஆயிற்று.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் தெருக்கோடி வரை கார்கள் வரிசை நின்றன. யானை வைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் தீனியின் விலை தெரிந்தது. சின்னக் கார் தேடிக் கடைக்கு வந்தவருக்கு ஒரு பக்கம் வேகாவும் பின்டோவும். மறுபக்கம் கொரோலாவும் ஹோண்டா சிவிக்கும். எதை வாங்கியிருக்க வேண்டும் என்று சங்கக் கட்டிடத்துப் பலகை சொல்கிறது?

புகைச் சட்டம் வந்தபோதும் இதே கதை. இந்தக் கெடுவுக்குள் முடியாது, அவகாசம் வேண்டும் என்று டெட்ராய்ட் கம்பெனிகள் வாஷிங்டனுக்கு வக்கீல்களை அனுப்பின. ஹோண்டா கம்பெனி என்ஜினையே மாற்றி அமைத்து, புகைக்குழாயில் வேறு சாதனம் எதுவும் வைக்காமலே சட்டத்தைத் திருப்தி செய்தது. சின்ன என்ஜினுக்குத்தான் அது சரிப்படும் என்று அமெரிக்காவில் பேச்சு எழுந்தது. உடனே ஒரு பெரிய ஷெவர்லே காரை விலைக்கு வாங்கி, அதிலும் தன் முறையைப் பொருத்தி, சர்க்கார் பரிசோதனையில் தேறவைத்துக் காட்டிற்று. ஒரு கம்பெனி வக்கீலை நம்பிற்று. ஒரு கம்பெனி என்ஜினியரை நம்பிற்று.

மலிவின் லட்சணம்

இப்படிச் சொல்வதால் அயல்நாட்டுக் கார் எல்லாம் தங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் பியட் கார் என்றால் ஒரு காலத்தில் கௌரவம். டாக்டரும் வக்கீலும் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் அதே பெயர் துருவுக்கு மறுபெயராகி, 1980-க்குப் பின் சில வருஷத்தில் அந்தக் கம்பெனி கடையைச் சாத்திக்கொண்டு போயிற்று. 1985-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து யூகோ என்ற கார் 3,990 டாலருக்கு வந்தது. அந்த விலைக்குப் புதுக் காரா என்று முண்டியடித்து வாங்கினார்கள். வாங்கினவர்கள் பட்ட பாட்டை வைத்து அமெரிக்காவில் இன்றும் ஹாஸ்யத் துணுக்குகள் வழங்குகின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கொரியாவின் ஹ்யுண்டாய் எக்ஸெல் அடுத்த வருஷம் 4,995 டாலருக்கு வந்தது. முதல் வருஷத்திலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு கோளாறுகள் வெளிப்பட்டுப் பெயர் நாறிற்று. யூகோவுக்கும் ஹ்யுண்டாய்க்கும் வித்தியாசம் அதற்கப்புறம் நடந்ததில் இருக்கிறது. யூகோ 1992-ல் போய்விட்டது. ஹ்யுண்டாய் 1998-ல் ஒரு துணிந்த காரியம் செய்தது: பத்து வருஷம் அல்லது லட்சம் மைல் வரை என்ஜினுக்கும் கியருக்கும் கம்பெனியே ஜவாப்தாரி என்று எழுதிக் கொடுத்தது. இப்படி எழுதிக் கொடுத்த பிறகு மட்டமான சரக்கு செய்தால் தன் பணமே போகும். ஆகவே சரக்கு உயர்ந்தே ஆக வேண்டும். மீட்டரில் ஐந்து இலக்கம் வைத்த காலம் எங்கே, லட்சம் மைலுக்குக் கைச்சாத்து எழுதும் காலம் எங்கே!

வேலியும் பயிரும்

1980-ல் அமெரிக்காவைப் பின்தள்ளிவிட்டு ஜப்பான் உலகத்திலேயே அதிகமாகக் கார் செய்யும் நாடாயிற்று. கிரைஸ்லர் கம்பெனி திவாலாகும் தறுவாயில், சர்க்கார் ஜாமீன் பேரில் 120 கோடி டாலர் கடன் வாங்கிப் பிழைத்தது. (1983-ல், கெடுவுக்கு முன்னாலேயே, கடனை அடைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.) 1981-ல் வாஷிங்டனின் வற்புறுத்தலின் பேரில், வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது.

வேலி போட்டால் பயிர் தழைக்கும் என்று எண்ணினார்கள். ஜப்பானியர் என்ன செய்தார்கள்? எண்ணிக்கைக்குத்தானே கட்டு, விலைக்கு இல்லையே என்று பெரிய, விலையுயர்ந்த கார்களாக அனுப்பினார்கள். 1989-ல் வந்த லெக்ஸஸ் கார், காடிலாக்கையும் மெர்சிடிஸையும் ஒரே சமயத்தில் அசைத்தது. தட்டுப்பாட்டினால் கடைக்காரர்கள் சீட்டில் கண்ட விலைக்கு மேலும் கேட்டார்கள். டெட்ராய்ட் கம்பெனிகளும் தங்கள் விலையை ஏற்றிக்கொண்டன. 1984-ல் முன் எப்போதும் காணாத லாபம் கண்டன. நிர்வாகிகளுக்குப் பெரும் போனஸ் கிடைத்தது. வேலை போன எல்லோருக்கும் வேலை திரும்பவில்லை. வேலிக்கு ஆன செலவைக் கொடுத்தவர், ஜப்பான் காரானாலும் அமெரிக்கக் காரானாலும், கார் வாங்கின சாமானிய ஜனங்கள்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. 1982 ஜூனில் டெட்ராய்ட்டை அடுத்த ஹைலண்டு பார்க்கில் வின்சென்ட் சின் என்ற 27 வயது வாலிபரை இருவர் மட்டையால் அடித்தார்கள். சில நாளில் அவர் இறந்தார். அவர் ஜப்பானியரே அல்ல. சீன வம்சத்து அமெரிக்கர். அடித்தவர்களில் ஒருவர் கார்த் தொழிற்சாலையில் மேஸ்திரி. மற்றவர் வேலை போனவர். உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று என்று ஏசியதாகச் சாட்சி சொல்லப்பட்டது. கோர்ட்டில் அவர்களுக்குச் சிறை இல்லை; நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும்தான். அந்த நாளில் அரை ஜப்பான் காரின் விலைகூட அல்ல அது.

ஒரே பாக்டரி, இரண்டு பெயர்

குறை தொழிலாளியிடம் இருந்ததா, நிர்வாகத்திடம் இருந்ததா என்ற வழக்கைத் தீர்க்க, பரிசோதனை மாதிரியே ஒன்று கலிபோர்னியாவில் நடந்தது. பிரமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவிலேயே கெட்ட பெயர் எடுத்த தொழிற்சாலை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடிப்பது உண்டு. சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் நித்தியச் சண்டை. 1982-ல் இழுத்து மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டிடத்தைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டா முறைப்படி. ஆட்கள் பெரும்பாலும் பழைய ஆட்களே. சங்கமும் அதே சங்கம்.

சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி வேலை பழக்கினார்கள். அங்கே அவர்கள் கண்ட பெரிய அதிசயம் ஒரு கயிறு. கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் அந்தக் கயிற்றை இழுக்கலாம். மேஸ்திரி ஓடி வருவார். சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். பழைய பிரமான்டில் வரிசையை நிறுத்தினவனுக்குச் சீட்டுக் கிழியும். கதவு கோணலாக இருந்தாலும், திருகு விட்டுப் போனாலும், வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்; கடைசியில் மைதானத்தில் நிறுத்தி ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்பது அங்கே சட்டம். கயிறு வந்தது, வேலைக்கு வராதவர் கணக்கு சுருங்கிற்று, ஜப்பானில் செய்த கார்களுக்குச் சமமான கார்கள் அதே கைகளிலிருந்து வெளிவந்தன. அமெரிக்கத் தொழிலாளி சோம்பேறி என்று டெட்ராய்ட் மாடிகளில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்க வேண்டும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

கூட்டாளியாக இருந்து கண்ணால் கண்ட பாடத்தை மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு போக ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பல வருஷம் ஆயிற்று. அங்கே கற்றுத் திரும்பியவர்களின் பேச்சைக் கேட்க ஆளில்லை. டொயோட்டா தான் கற்க வேண்டியதை, அதாவது அமெரிக்க ஆட்களை வைத்து வேலை வாங்குவதை, கற்றுக்கொண்டு 1988-ல் கென்டக்கி மாகாணத்தில் தனியாகவே பெரிய தொழிற்சாலை திறந்துவிட்டது.

இதே பிரமான்டில் இன்னொரு விந்தையும் நடந்தது. ஒரே வரிசையில் ஒரே ஆட்கள் ஒரே காரைச் செய்து, சிலவற்றுக்கு டொயோட்டா கொரோலா என்று பெயர் ஒட்டினார்கள். சிலவற்றுக்கு ஜியோ பிரிஸம் என்று ஒட்டி ஷெவர்லே கடைகளில் விற்றார்கள். தகட்டிலும் விளக்கிலும் சிறு வித்தியாசம். மற்றபடி ஒரு தாய் மக்கள். ஆனால் கொரோலாவுக்கு ஜனங்கள் அதிக விலை கொடுத்தார்கள். பழைய காராக விற்கும்போதும் பிரிஸம்தான் மட்டமான விலைக்குப் போயிற்று. வேகா காலத்தில் இழந்த பெயருக்கு ஷெவர்லே இருபது வருஷம் கழித்தும் வட்டி கட்டிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. விவரம் அறிந்தவர்கள் சத்தம் போடாமல் பிரிஸத்தை வாங்கினார்கள்.

கோழிக்கு விழுந்த வரி

அமெரிக்கக் கார் எல்லாம் மோசம் என்பதும் தப்பு. ஃபோர்டு கிரவுன் விக்டோரியா என்ற பெரிய கார் பல வருஷ காலம் போலீசுக்கும் டாக்ஸிக்கும் உழைத்ததை யாரும் மறுக்க முடியாது. நடைபாதை மேட்டில் ஏறி இறங்கினாலும் அசையாது. அடி பட்டால் தட்டி நிமிர்த்தி மறுநாள் ஓட்டலாம். 2011-ல் அதை நிறுத்தியபோது டாக்ஸிக்காரர்கள் வருந்தினார்கள். சாமான் ஏற்றும் பிக்கப் டிரக் வகையிலும் அமெரிக்கர்களே ராஜா. ஃபோர்டு எஃப் வரிசை 1977 முதல் அந்த வகையில் முதலிடத்தை விட்டதில்லை.

ஆனால் இந்த ராஜ்யத்துக்கும் ஒரு கோட்டை மதில் உண்டு. 1960-களின் ஆரம்பத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டன. அதற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு 25 சதவிகித வரி விதித்தார். கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, வரி போகவில்லை. டிரக்கில் வந்த லாபத்தின் சுகத்தில், சின்னக் காரை நன்றாகச் செய்யும் கவலையை டெட்ராய்ட் மறந்தது என்று சொன்னால் மிகையாகாது. 2008-ல் பெட்ரோல் விலை ஏறி, பாங்குகளும் சரிந்தபோது, அந்த மறதிக்குக் கூலி கிடைத்தது. 2009-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் கோர்ட்டில் நின்றன.

அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு; அதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்ற லட்சக்கணக்கான தொழிலாளருக்கும் குடும்பங்களுக்கும் வைத்தியச் செலவை ஏற்பதாக ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 2005 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்யும் ஒவ்வொரு காரின் மேலும் வைத்தியச் செலவு மட்டும் சுமார் 1,500 டாலர் ஏறிற்று. ஜப்பானில் அந்தப் பொறுப்பில் பெரும் பங்கைத் தேசம் தாங்குகிறது. ஒரே விலைக்கு இரண்டு கார் விற்றால், ஒன்றில் 1,500 டாலர் பெறுமான துணியும் தகடும் குறைந்துதானே தீரும்? கிழவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது குற்றமல்ல. அதை வாங்குகிறவர் கண்டு கொள்ளமாட்டார் என்று எண்ணியதுதான் பிசகு.

இப்போது வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. விளம்பரம் வாங்காமல், கடைக்குப் போய்த் தன் காசில் கார் வாங்கிச் சோதிக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையின் கணக்கில் டொயோட்டாவும் லெக்ஸஸும் பல வருஷங்களாக முதல் வரிசையில் இருக்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் 2009, 2010-ல் அதே டொயோட்டா, தானாக வேகம் பிடிக்கும் கோளாறு என்ற புகாரில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. உண்மையை மறைத்ததற்காக 2014-ல் 120 கோடி டாலர் கட்டிற்று. எலுமிச்சம்பழ விளம்பரம் போட்ட வோக்ஸ்வாகன் 2015-ல் இன்னும் மோசமான காரியத்தில் அகப்பட்டது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் சூழ்ச்சியை டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸோ, சாவி போடும் சுவிட்சில் இருந்த பழுதைப் பல வருஷம் மூடி வைத்து, 124 உயிர்களுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. வீட்டுக்கு வீடு வாசற்படி.

எது அமெரிக்கக் கார்?

1992-ல் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு புதுக் காரிலும் அமெரிக்க, கனடாப் பாகங்கள் எத்தனை சதவிகிதம், எங்கே பூட்டியது என்று சீட்டு ஒட்டச் சொன்னார்கள். சீட்டைப் படித்தவர்களுக்குத் தலை சுற்றிற்று. டொயோட்டா காம்ரி கென்டக்கியில் தயாராகிறது. ஜெர்மன் பி.எம்.டபிள்யூ. தென் கரோலினாவில் தயாராகி அங்கிருந்து உலகத்துக்கெல்லாம் ஏற்றுமதியாகிறது. 2021-ல் வந்த ஃபோர்டு மாவெரிக் என்ற டிரக் மெக்ஸிகோவில் பிறந்தது. ப்யூக் என்விஷன் சீனாவிலிருந்து வந்தது. 2018 முதல் 2022 வரை அமெரிக்கக் கடைகளில் விற்ற ஃபோர்டு எகோஸ்போர்ட் எங்கே தயாராயிற்று தெரியுமா? செங்கற்பட்டு போகும் வழியில், நம் மறைமலைநகரில். அந்தக் காரின் மூக்கில் ஹென்றி ஃபோர்டின் பெயர்; பூட்டின கைகள் தமிழ்நாட்டுக் கைகள். 2021-ல் இந்தியாவில் கார் செய்வதை விட்டுவிடுவதாக ஃபோர்டு அறிவித்தபோது, டெட்ராய்ட் தொழிலாளி பட்ட துக்கத்தை மறைமலைநகர்த் தொழிலாளியும் பட்டார்.

2025 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் இறக்குமதிக் கார்கள் எல்லாவற்றுக்கும் 25 சதவிகிதம் வரி போட்டது. பிறகு அதே வருஷத்தில் ஜப்பான் கார்களுக்கு 15 ஆகக் குறைத்தது. மெக்ஸிகோவிலும் கனடாவிலும் கார்களைச் செய்துகொண்டிருந்த டெட்ராய்ட் கம்பெனிகளே வரியைக் கண்டு முதலில் அலறின.

பிரமான்ட் தொழிற்சாலையில் 2010 ஏப்ரல் 1-ந் தேதி கடைசிக் கார் வெளிவந்தது. அது ஒரு கொரோலா. சுமார் 4,700 பேருக்கு வேலை போயிற்று. அத்தனை பேரையும் அமர்த்தியிருந்த அந்தக் கட்டிடத்தில் பிறகு டெஸ்லா கம்பெனி மின்சாரக் கார் செய்ய வந்தது. கடைசிக் கொரோலாவைப் பூட்டியவர்கள் எல்லோரும் டெட்ராய்ட்டில் பலகை தொங்கவிட்ட அதே சங்கத்தின் அங்கத்தினர்கள். அவர்களில் ஒருவர் தம் கையால் செய்த காரை ஓட்டிக்கொண்டு டெட்ராய்ட் சங்கக் கட்டிடத்துக்கு வந்திருந்தால், வாசலில் நின்றவர் அதை வேறு இடம் பார்க்கச் சொல்லியிருப்பார். மறைமலைநகரிலிருந்து கப்பலில் வந்த ஃபோர்டை உள்ளே விட்டிருப்பார்.